சர்க்கரைப் புண்ணுக்கு வெள்ளி ஜெல் போடலாமா?

காலில் ஆறாத புண்ணோடு வருகிற சர்க்கரை நோயாளிகள் பலர் கையோடு ஒரு டியூபையும் கொண்டுவருகிறார்கள். "நானோ சில்வர் சார், மெடிக்கல்ல குடுத்தாங்க." டியூப் காலியாகியிருக்கும், புண் அப்படியே இருக்கும்.

வெள்ளியைக் குறை சொல்லவில்லை. 1880களிலேயே ஜெர்மன் மருத்துவர் கிரேடே, பிறந்த குழந்தைகளின் கண்ணில் தொற்று வராமலிருக்க வெள்ளி நைட்ரேட் சொட்டு விட்டார். 1960களில் தீக்காயத்துக்கு சில்வர் சல்ஃபாடயசின் களிம்பு வந்தது. நானோ என்பது இந்த வரிசையில் புதுசு. துகள் 100 நானோமீட்டருக்கும் சிறியது என்பதால் மேற்பரப்பு அதிகம். ஈரம் பட்டதும் வெள்ளி அயனிகள் தொடர்ந்து கசியும். அவை கிருமியின் மேலுறையிலும் புரதங்களிலும் ஒட்டிக்கொண்டு அதைச் செயலிழக்கச் செய்கின்றன.

அதாவது, வெள்ளியின் வேலை கிருமியோடு மட்டும்தான். உள்ளங்கால் புண் ஆறாததற்குப் பெரும்பாலும் காரணம் வேறு. கால் மரத்துப் போனதால் வலி தெரியாது. அதே இடத்தை ஊன்றி ஊன்றி நடப்பார்கள். ரத்த ஓட்டம் குறைந்திருக்கும். புண்ணைச் சுற்றித் தோல் தடித்து, உள்ளே செத்த சதை தங்கியிருக்கும். சுகர் முந்நூறைத் தாண்டியிருக்கும். இதில் எதையும் ஜெல் தொடாது. தடித்த தோலைச் சீவி, செத்த சதையை எடுத்து, அந்த இடத்தில் எடை விழாதபடி காலணியை மாற்றிக் கொடுத்தாலே பல புண்கள் சாதாரணக் கட்டு போட்டே ஆறிவிடுகின்றன.

பிரிட்டனில் சிரை (ரத்தத்தை இதயத்துக்குத் திருப்பிக் கொண்டுபோகும் குழாய்) கோளாறால் வரும் கால் புண்களை வைத்து நடந்த வல்கன் ஆய்வு 2009-இல் வெளியானது. வெள்ளிக் கட்டு போட்டவர்களுக்கும் சாதாரணக் கட்டு போட்டவர்களுக்கும் புண் ஆறியதில் சொல்லும்படியான வித்தியாசம் இல்லை. செலவு மட்டும் கூடியது.

அப்போ எப்போது போடுவோம்? தீக்காயத்திலும், நாற்றம், சீழ், கூடுகிற வலி என்று கிருமி பெருகிய அடையாளம் தெரிகிற புண்ணிலும். அதுவும் இரண்டு வாரம். பிறகு பார்த்து, தேவையில்லை என்றால் நிறுத்திவிடுவோம். தேவை முடிந்த பிறகும் போட்டுக்கொண்டிருந்தால் புதுத் தோலை உண்டாக்கும் செல்களையும் வெள்ளி பாதிக்கலாம். சல்ஃபா மருந்து ஒத்துக்கொள்ளாதவர்கள் சில்வர் சல்ஃபாடயசின் பக்கமே போக வேண்டாம். நானோ வெள்ளிப் படிகம் பூசிய கட்டுத் துணியை நனைக்கச் சலைன் (உப்பு நீர்) கூடாது, அதிலுள்ள குளோரைடு வெள்ளியைப் பிடித்து முடக்கிவிடும்; கிருமி நீக்கிய நீர்தான் சரி. வெள்ளித் தண்ணீர் என்று குடிக்க விற்கிறார்களே, அதைத் தொடவே தொடாதீர்கள். தோல் நிரந்தரமாகச் சாம்பல் நீலமாகிவிடும்.

கடைசியாக, கறுப்பு. வெள்ளிக் கட்டு போட்ட இடத்தைச் சுற்றிக் கறை படிவது சகஜம், பயப்பட வேண்டாம். ஆனால் விரல் நுனி கறுத்து, தொட்டால் சில்லென்று இருந்தால் அது கறை அல்ல, ரத்தம் போகவில்லை. அன்றைக்கே மருத்துவமனைக்குப் போங்கள்.