ஈர்ப்பலை: இதில் 'புவி' எதற்கு?

'கிராவிடேஷனல் வேவ்' என்பதைச் சிலர் 'புவியீர்ப்பு அலை' என்று எழுதுகிறார்கள். பள்ளியிலிருந்தே 'புவியீர்ப்பு விசை' என்று சொல்லிப் பழகியதால் கை தானாக எழுதிவிடுகிறது போலும். ஆனால் அது பிழை. 2015 செப்டம்பர் 14 அன்று அமெரிக்காவின் லைகோ கருவிகள் முதன்முதலாகப் பதிவு செய்த அலை, சுமார் 130 கோடி ஒளியாண்டுக்கு அப்பால் இரண்டு கருந்துளைகள் ஒன்றையொன்று சுற்றி வந்து கலந்தபோது கிளம்பியது. புவிக்கு அதில் என்ன பங்கு? வந்து சேர்ந்த இடம், அவ்வளவுதான். எனவே 'ஈர்ப்பலை' போதும். ஈர்ப்பு + அலை. ஈற்று உகரம் கெட்டுப் புணர்கிறது.

ஆங்கிலச் சொல்லின் வேர் லத்தீனில் 'கிராவிஸ்', அதாவது கனமானது. வடமொழியின் 'குரு'வும் அதே மூலத்தில் பிறந்ததுதான். அதற்கும் முதற்பொருள் கனம். ஆக, அங்கே எடையிலிருந்து சொல் பிறந்தது. தமிழிலோ 'ஈர்', இழு என்னும் வினையிலிருந்து. முன்பு வழங்கிய 'ஆகர்ஷண சக்தி'யும் இழுப்பதைத்தான் சொன்னது. எடை என்பது விளைவு, இழுப்பது செயல். எனக்குத் தமிழ்ச்சொல்லே இன்னும் நெருக்கமாகப் படுகிறது.

சரி, எது அலைகிறது? ஒளியில் மின்புலமும் காந்தப்புலமும் அலைகின்றன. அவை வெளியின் (ஸ்பேஸ்) ஊடே செல்கின்றன. ஈர்ப்பலையில் அந்த வெளி தானே ஒரு திசையில் நீண்டு அதற்குக் குறுக்கே சுருங்குகிறது. ஐன்ஸ்டைன் 1916இல் இதைக் கணக்கில் கண்டார். லைகோவின் ஒவ்வொரு கையும், அதாவது லேசர் ஒளி ஓடும் குழாயும், 4 கிலோமீட்டர் நீளம். அன்றைய அலை அதை மாற்றியது புரோட்டானின் விட்டத்தில் நூறில் ஒரு பங்குக்கும் குறைவாக! தூசியோ வாயுவோ ஈர்ப்பலையை அநேகமாக மறைப்பதில்லை. அது கிளம்ப ஒளியும் தேவையில்லை. அதனால்தான் ஒளியே தராத கருந்துளை மோதலும் நமக்குத் தெரியவருகிறது. 2017 ஆகஸ்ட் 17 அன்று, இரண்டு நியூட்ரான் விண்மீன்கள் மோதியதில் கிளம்பிய ஈர்ப்பலை வந்து சுமார் 1.7 நொடியில், ஒளியின் ஒரு வகையான காமா கதிரும் வந்தது. ஒரே நிகழ்வை ஈர்ப்பலையாலும் ஒளியாலும் அறிந்த முதல் தடவை அது.

அப்புறம் 'கிராவிட்டி வேவ்' என்று வேறொன்றும் உண்டு. மேலெழும் நீரையோ காற்றையோ புவி மறுபடி கீழே இழுப்பதால் கடலிலும் வளிமண்டலத்திலும் உண்டாகும் அலை அது. 'புவியீர்ப்பு அலை' என்ற பெயர் அதற்குத்தான் பொருந்தும்.