பழைய டேப்பஸ்ட்ரிகளில் இலைகள் ஏன் நீலமாக இருக்கின்றன?

ஐரோப்பாவின் பழைய டேப்பஸ்ட்ரிகளை, அதாவது அரண்மனைச் சுவர்களில் தொங்கவிட்ட நெய்த சித்திரங்களை, கொஞ்சம் நின்று பார்த்தால் ஒரு விஷயம் உறுத்தும். மரத்தில் இலை நீலம். தரையில் புல் நீலம். நெசவாளருக்குப் பச்சை கிடைக்காமல் போயிற்றா என்றால் இல்லை, அவர் நெய்தது பச்சைதான். நூற்றாண்டுகளாக மேலே விழுந்த வெளிச்சம் அந்தப் பச்சையிலிருந்து மஞ்சளை மட்டும் அழித்துவிட்டு நீலத்தை விட்டுவைத்திருக்கிறது.

இதைப் புரிந்துகொள்ள என் பார்வையில் மிக வசதியான இடம் ஐரோப்பாவில் இல்லை, நியூயார்க்கில் இருக்கிறது. மன்ஹாட்டனின் வடகோடியில், ஃபோர்ட் டிரையன் பூங்காவின் மேட்டில், ஹட்சன் ஆற்றைப் பார்த்தபடி நிற்கும் 'தி க்ளாய்ஸ்டர்ஸ்' அருங்காட்சியகம். மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தின் கிளை இது, 1938-இல் திறந்தார்கள். ஜார்ஜ் கிரே பர்னார்ட் என்ற சிற்பி பிரான்சில் தேடித் தேடி வாங்கிய மடாலயத் தூண்களையும் வளைவுகளையும், ஜான் ராக்ஃபெல்லர் ஜூனியர் கொடுத்த பணத்தில் வாங்கி ஒரே கட்டடமாகக் கோத்திருக்கிறார்கள். எதிர்க்கரையில் யாரும் கட்டடம் எழுப்பிக் காட்சியைக் கெடுத்துவிடக் கூடாது என்று அங்கிருந்த நிலத்தையும் ராக்ஃபெல்லர் வாங்கிப் போட்டார். பணம் இருந்தால் இப்படியும் யோசிக்கலாம்.

போகிறவர்கள் பெரும்பாலும் நேராக யூனிகார்ன், அதாவது ஒற்றைக்கொம்புக் கற்பனைக் குதிரை, வரும் டேப்பஸ்ட்ரிகள் இருக்கும் அறைக்குத்தான் ஓடுவார்கள். நான் சொல்வது, முதலில் போன்ஃபோன் தோட்டத்துக்குப் போங்கள். நடுவில் ஒரு கிணற்று வாய், சுற்றி நான்கு குயின்ஸ் (சீமைமாதுளை) மரங்கள், குச்சி முடைந்த வேலி போட்ட பாத்திகள். இடைக்கால ஐரோப்பாவில் புழங்கிய செடிகள் மட்டுமே இங்கே, சமையலுக்கு, மருந்துக்கு, மந்திரத்துக்கு என்று பாத்தி பாத்தியாக. சாயச் செடிகளுக்கும் தனிப் பாத்தி உண்டு. அதில் வோட், வெல்ட், மேடர் என்று மூன்று செடிகளைப் பார்க்கலாம். பார்க்க மூன்றுமே ரொம்பச் சாதாரணம், களை என்று பிடுங்கிப் போட்டுவிடுவோம். உள்ளே தொங்கும் ஏழு டேப்பஸ்ட்ரிகளின் வண்ணங்களுக்கு அடிப்படை இந்த மூன்றும்தான். நீலம் வோட், மஞ்சள் வெல்ட், சிவப்பு மேடர். மற்ற நிறங்களெல்லாம் பெரும்பாலும் இவற்றைக் கலந்தும், அடுத்தடுத்துத் தோய்த்தும், படிகாரம் இரும்பு போன்ற உப்புகளைச் சேர்த்தும் வந்தவை.

இதில் மேடரும் வெல்ட்டும் ஒரு ஜாதி, வோட் தனி ஜாதி. மேடர் நம்மூர் மஞ்சிட்டியின் நெருங்கிய உறவு. இரண்டு மூன்று வருடம் வளர்ந்த வேரைத் தோண்டி, காயவைத்து, பொடித்து, சூடான நீரில் ஊறவைத்தால் அலிசரின் என்ற சிவப்புச் சாயம் இறங்கும். வெல்ட்டுக்கு அந்தப் பாடும் இல்லை, பூத்த செடியை அப்படியே போட்டுக் காய்ச்சினால் லூட்டியோலின் என்ற மஞ்சள் வந்துவிடும். ஆனால் இரண்டும் கம்பளி நூலில் தாமாக ஒட்டாது, அலசினால் போய்விடும். அதனால் நூலை முதலில் படிகார நீரில் போட்டு எடுப்பார்கள். படிகாரத்தில் உள்ள அலுமினியம் ஒரு பக்கம் கம்பளியின் புரதத்தையும் மறுபக்கம் சாய மூலக்கூறையும் பிடித்துக்கொள்ளும். சோழமண்டலக் கரையில் சாயவேர் கொண்டு துணிக்குச் சிவப்பேற்றியவர்கள் செய்ததும் அடிப்படையில் இதே வேதியியல்தான். சாயவேரிலும் அலிசரின் இருக்கிறது. படிகாரம் இல்லாமல் துணித்தொழிலே நடக்காது என்பதால் 1460-களில் ரோம் அருகே தோல்ஃபாவில் படிகாரப் பாறை கிடைத்தபோது போப்பாண்டவருக்கு அது பெரிய வருமானமாகிவிட்டது.

வோட் கதை வேறு. இலை பச்சை, பூ மஞ்சள், செடியில் எங்கே தேடினாலும் நீலம் கிடையாது. நீலத்துக்கான மூலப்பொருள் ஒரு சர்க்கரையோடு பிணைந்து நிறமில்லாமல் இலைக்குள் கிடக்கிறது. இலையை நசுக்கினால் நொதி அந்தச் சர்க்கரையைக் கழற்றிவிடும், மிச்சம் வருவது இண்டாக்சில். காற்றுப் பட்டதும் இரண்டு இண்டாக்சில் சேர்ந்து ஒரு இண்டிகோவாகும். நீலம் வந்தாயிற்று, ஆனால் இண்டிகோ தண்ணீரில் கரையவே கரையாது. கரையாத சாயத்தை நூலுக்குள் எப்படி ஏற்றுவது?

இதற்கு இடைக்காலத்துச் சாயக்காரர்கள் கண்ட வழி அழுகவிடுவது. அரைத்த இலையை உருண்டை பிடித்துக் காயவைத்து, பிறகு உடைத்து நீர் தெளித்து வாரக்கணக்கில் புளிக்கவிட்டு, அதை வெதுவெதுப்பான தொட்டியில் மரச்சாம்பலோடும் தவிட்டோடும் போட்டு மூடிவைப்பார்கள். சாம்பலால் தண்ணீருக்குக் காரத்தன்மை வரும், தவிடு பாக்டீரியாவுக்குத் தீனி. ஆக்சிஜன் இல்லாமல் வாழும் அந்த பாக்டீரியாக்கள் இண்டிகோவுக்கு எலக்ட்ரான்களைக் கொடுத்து அதை வேறு வடிவத்துக்கு மாற்றிவிடும்; அந்த வடிவம் கார நீரில் கரையும், நிறம் மங்கிய மஞ்சள்பச்சை. வோட் தொட்டியிலிருந்து பிரித்தெடுத்த ஒரு பாக்டீரியாவுக்கு இப்போது செடியின் பெயரையே வைத்து க்ளாஸ்ட்ரிடியம் ஐசாடிடிஸ் என்கிறார்கள். பாக்டீரியா என்ற ஒன்று இருப்பதே தெரியாமல், மோந்து பார்த்தும் நுரையைப் பார்த்தும் இதையெல்லாம் நடத்தியிருக்கிறார்கள் என்பதுதான் எனக்கு ஆச்சரியம். நாற்றம் சொல்லி மாளாது. இங்கிலாந்தின் முதலாம் எலிசபெத் தன் அரண்மனைகளுக்குப் பக்கத்தில் வோட் வேலையே நடக்கக் கூடாது என்று தடை போட்டார்.

அந்தத் தொட்டியில் நூலை முக்கி வெளியே எடுக்கும்போது அது மஞ்சளாகத்தான் வரும். காற்றுப் பட்டதும் பச்சை, சில நிமிடங்களில் நீலம். நூலுக்குள் புகுந்த சாயம் காற்றின் ஆக்சிஜனிடம் எலக்ட்ரான்களை இழந்து மறுபடி கரையாத இண்டிகோவாகி அங்கேயே சிக்கிக்கொள்கிறது. படிகாரம் எதுவும் வேண்டாம்.

நம்மூர் அவுரியில் கிடைப்பதும் இதே இண்டிகோதான், வோட்டில் இருப்பதை விடப் பல மடங்கு அதிகம். யூனிகார்ன் டேப்பஸ்ட்ரிகள் நெய்தது 1495-க்கும் 1505-க்கும் இடையில், வாஸ்கோ ட காமா கோழிக்கோட்டில் இறங்கிய அதே காலம். பின்னாளில் அவுரிச் சாயம் கப்பல் கப்பலாக வந்து இறங்கியபோது வோட் வியாபாரிகள் அலறினார்கள். ஜெர்மானிய நாடுகளில் அதைப் பிசாசின் சாயம் என்று திட்டினார்கள்; பிரான்சில் நான்காம் ஹென்றி 1609-இல் அதைப் பயன்படுத்தினால் மரண தண்டனை என்றே ஆணை போட்டார். வோட்டில் கொழித்த துலூஸ் நகர வணிகர்களின் மாளிகைகள் இன்றும் நிற்கின்றன, வியாபாரம்தான் போயிற்று.

சரி, இலைக்கு வருவோம். நூலுக்குப் பச்சை ஏற்ற அன்று பிரதான வழி, வோட்டில் ஒரு முறை, வெல்ட்டில் ஒரு முறை என்று இரண்டிலும் தோய்ப்பது. ஆக ஒவ்வொரு பச்சை இழையிலும் இரண்டு சாயங்கள் கூட்டுக் குடித்தனம். வெல்ட்டின் லூட்டியோலின் ஊதா ஒளியையும் புற ஊதாவையும் விழுங்குகிறது, அவற்றின் ஃபோட்டான்களுக்கு ஆற்றல் அதிகம். அந்த ஆற்றலோடு கிளர்ந்து நிற்கும் நேரத்தில் ஆக்சிஜன் கிடைத்தால் மூலக்கூறு சிதையும்; சிதைந்த துண்டுக்கு நிறம் கிடையாது. இண்டிகோ விழுங்குவது ஆரஞ்சுப் பக்கத்து ஒளியை, அதற்கு ஆற்றல் குறைவு. அதோடு இண்டிகோவிடம் ஒரு தந்திரம் இருக்கிறது. ஒளி பட்டவுடன் நைட்ரஜனில் இருக்கும் ஒரு ஹைட்ரஜன் பக்கத்து ஆக்சிஜனுக்குத் தாவித் திரும்பிவிடும், எல்லாம் ஒரு நொடியின் லட்சம் கோடியில் சில பங்கு நேரத்துக்குள். வாங்கிய ஆற்றல் வெப்பமாகப் போய்விடுகிறது, சிதைவதற்கு அவகாசமே இல்லை. அதனால் மஞ்சள் முதலில் போகும், நீலம் நிற்கும்.

டேப்பஸ்ட்ரி அறைகள் மங்கலாக இருப்பதற்குக் காரணம் சிக்கனம் இல்லை. துணிகளுக்கு 50 லக்ஸ் வெளிச்சத்துக்கு மேல் வேண்டாம் என்பது அருங்காட்சியகங்களில் பொதுவாக ஏற்றுக்கொண்ட அளவு. உச்சிவெயில் சுமார் 1,00,000 லக்ஸ். சேதம் சேர்ந்துகொண்டே போகும், திரும்பாது. கணக்குப் போட்டால் ஒரு மணி நேர வெயில், தினம் 8 மணி நேரம் விளக்கு எரியும் அறையில் 250 நாள் தொங்குவதற்குச் சமம். வெயிலில் புற ஊதா வேறு சேர்வதால் உண்மையில் இன்னும் மோசம்.

மற்ற பல டேப்பஸ்ட்ரிகளோடு ஒப்பிட்டால் யூனிகார்ன் வரிசையின் நிறங்கள் நன்றாகவே தப்பித்திருக்கின்றன. பிரெஞ்சுப் புரட்சியின்போது அரண்மனையிலிருந்து பறிபோய், கிராமத்தில் உருளைக்கிழங்கைப் போர்த்தி மூடக் கிடந்து, 1850-களில்தான் திரும்பக் கிடைத்தவை இவை. ஈரமும் எலியும் துணிக்குக் கேடு, ஆனால் கொட்டகை இருட்டு சாயத்துக்கு நல்லதே செய்திருக்கும் என்பது என் ஊகம். பூக்கள் நிறைந்த பின்னணியில் நூற்றுக்கும் மேற்பட்ட செடி வகைகள், பெரும்பாலானவற்றைத் தாவரவியலாளர்கள் பெயர் சொல்லி அடையாளம் காணும் அளவுக்குத் துல்லியம்.

இருந்தாலும் 1998-இல் கழுவிச் சுத்தம் செய்ய இறக்கி, பின்னால் தைத்திருந்த துணியைப் பிரித்தபோது தெரிந்த பின்பக்கம் முன்பக்கத்தைத் தோற்கடித்தது. டேப்பஸ்ட்ரியில் நிறமெல்லாம் ஊடையில், அதாவது குறுக்காக ஓடும் இழையில்தான்; பாவு, அதாவது தறியில் இழுத்துக் கட்டிய இழை, வெளியே தெரியாது. அதே ஊடை இரு பக்கமும் வருவதால் பின்னால் இருப்பது அதே படம், இடம் வலம் மாறியிருக்கும், அவ்வளவுதான். வெளிச்சம் படாத அந்தப் பக்கத்தில் பச்சை பச்சையாகவே இருந்தது. இரு பக்கத்தையும் சதுரம் சதுரமாக டிஜிட்டல் படமெடுத்தார்கள், ஆனால் ஒட்டிப் பார்த்தால் ஓரங்கள் பொருந்தவில்லை. பை எண்ணைக் கோடிக்கணக்கான இலக்கங்களுக்குக் கணக்கிட்டுப் பெயர் வாங்கிய சுத்னோவ்ஸ்கி சகோதரர்களிடம் வேலை போனது. கேமராவில் கோளாறு இல்லை என்று கண்டுபிடித்தார்கள். காலம் காலமாகத் தொங்கிய துணியைத் தரையில் கிடத்தியதும் இழைகள் தளர்ந்து, அறையின் ஈரப்பதத்துக்கும் சூட்டுக்கும் ஏற்ப ஒரு படத்துக்கும் அடுத்த படத்துக்கும் இடையிலேயே நகர்ந்திருக்கின்றன. ஒவ்வொரு புள்ளியும் எந்தப் பக்கம், எவ்வளவு நகர்ந்தது என்று தனித்தனியாகக் கணக்கிட்ட பிறகுதான் வேலிக்குள் அடைபட்ட யூனிகார்ன் ஒரே படமாகச் சேர்ந்தது.