அந்தச் செருப்பு யார் காலுக்கு அளவெடுத்தது?

போன வைகாசியில் குடியாத்தத்திலிருந்து ஒரு புதுப்பெண் என் கடைக்கு வந்தாள். கல்யாணம் முடிந்து ஒன்பதாவது நாள். தன் அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு, பாதத்தை முழுசாக ஊன்றாமல் நடந்து வந்தாள். ரிசப்ஷனுக்குப் போட்ட ஹீல்ஸைப் பையிலிருந்து எடுத்து மேசைமேல் வைத்தாள். பொன்னிறம், நாலு அங்குல ஹீல், முன்பக்கம் பென்சில் சீவினதுபோல் கூர். போனில் ஒரு படத்தையும் காட்டினாள். விருது விழா ஒன்றில் ஒரு நடிகை அதே மாதிரி ஜோடியில் நின்றுகொண்டிருந்தார். "இதே மாதிரிதான் வேணும்னு தேடித் தேடி வாங்கினேங்க்கா. சைஸும் என் சைஸுதான்" என்றாள்.

ஒரு வெள்ளைத்தாளைத் தரையில் போட்டு அதன்மேல் அவளை நிற்கச் சொன்னேன். பென்சிலைச் செங்குத்தாகப் பிடித்து பாதத்தைச் சுற்றிக் கோடு போட்டேன். அந்தக் கோட்டின்மேல் ஹீல்ஸை வைத்து, அதன் அடியைச் சிவப்புப் பேனாவால் வரைந்தேன். சுண்டுவிரலும் அதற்கடுத்த விரலும் சிவப்புக் கோட்டுக்கு வெளியே கிடந்தன. பெருவிரலின் உள்பக்கமும் வெளியே. அக்கா தாளை உற்றுப் பார்த்துவிட்டு, "ஏன்டி, இதுக்குள்ளயா அஞ்சு மணி நேரம் நின்னுக்கினு இருந்தே?" என்று கேட்டாள். அந்தப் பெண் பதில் சொல்லவில்லை. இரண்டு கால்களிலும் சுண்டுவிரலில் கொப்புளம் உடைந்து புண்ணாகியிருந்தது. முதலில் டாக்டரிடம் அனுப்பினேன். செருப்பு அப்புறம்.

நான் மருத்துவர் இல்லை. ஆம்பூரில் ஓர் ஏற்றுமதி ஷூ கம்பெனியில் அப்பர் எனும் ஷூவின் மேல்பாகத்தைத் தைக்கும் பிரிவில் சேர்ந்து, பிறகு சாம்பிள் ரூமுக்குப் போய், பேட்டர்ன் வெட்டவும் ஃபிட்டிங் பார்க்கவும் கற்றுக்கொண்டவள். இப்போது வேலூர் சத்துவாச்சாரியில் காலுக்கு அளவெடுத்துச் செருப்பு செய்துகொடுக்கிறேன். தினமும் பார்ப்பது பாதங்களைத்தான். படம் பார்த்து வாங்கிய ஜோடியால் அவதிப்பட்டு வருகிறவர்கள் வருஷா வருஷம் கூடிக்கொண்டே போவதால் இதை எழுதுகிறேன்.

சினிமாக்காரர்களைப் பார்த்து உடுத்துவதே தப்பு என்று நான் சொல்லவில்லை. எண்பதுகளில் என் சித்தி நதியா கம்மல், நதியா வளையல் என்று கேட்டு லாங் பஜாரில் கடை கடையாக ஏறியிருக்கிறாள். அதில் அவளுக்குக் கிடைத்த சந்தோஷம் நிஜமானது. காதில் கம்மல் ஒத்துக்கொள்ளாவிட்டால் கழற்றி டப்பாவில் போட்டுவிடலாம். செருப்பு அப்படி இல்லை. மொத்த உடம்பையும் சுமந்துகொண்டு ஒரு நாளைக்கு ஆயிரக்கணக்கான தடவை தரையில் மோதுகிற பொருள் அது.

சாம்பிள் ரூமில் இருந்த காலத்தில் தெரிந்துகொண்ட ஒன்றைச் சொல்கிறேன். புது டிசைன் எதுவானாலும் முதலில் ஒரே ஒரு அளவில்தான் செய்வோம். பெண்களுக்கு 37, ஆண்களுக்கு 42. ஷூவுக்கு உருவம் கொடுப்பது லாஸ்ட் என்கிற கால்வடிவ அச்சு. அந்த அச்சில் 37-ம் அளவு கண்ணுக்கு எடுப்பாக வரும்வரை டிசைனர் விடமாட்டார். மொத்தமாக வாங்கும் பையரிடம் போவதும், பெரும்பாலும் படம் எடுக்கப்படுவதும் அந்தச் சாம்பிள்தான். மற்ற அளவுகளெல்லாம் அதிலிருந்து கணக்குப் போட்டுக் கூட்டியும் குறைத்தும் வருபவை. ஆக, நீங்கள் படத்தில் பார்த்து ஆசைப்படுகிற அந்த நளினம் பெரும்பாலும் அந்த ஒற்றை அளவுக்கு வந்த நளினம். 40 போடுகிற அகலமான பாதத்தைப் பார்த்து அது வரையப்படவே இல்லை.

அளவு எண்ணை மட்டும் நம்புவதும் ஆபத்துதான். ஐரோப்பிய அளவில் ஓர் எண் கூடினால் நீளம் 6.67 மில்லிமீட்டர் கூடும். இங்கிலாந்து அளவில் 8.47 மில்லிமீட்டர். ஒன்றை மற்றொன்றாக மாற்றும்போது சரியாகப் பொருந்தாது, கம்பெனிக்குக் கம்பெனி வித்தியாசப்படும். அகலத்தைப் பற்றி இந்த எண்கள் ஒன்றுமே சொல்வதில்லை. நம் கால்களின் விஷயமே அகலம்தான். சென்னை அடையாறில் இருக்கும் மத்தியத் தோல் ஆராய்ச்சி நிறுவனம் 2021 டிசம்பரிலிருந்து 2022 மார்ச் வரை நாடு முழுக்க 79 இடங்களில் 1,01,880 பேரின் பாதங்களை அளந்தது. இந்தியர்களின் பாதம் பொதுவாக அகலமானது என்று தெரியவந்தது. 'பா' என்ற பெயரில் நமக்கென்று ஓர் அளவுமுறை முன்வைக்கப்பட்டது அதன் பிறகுதான். அது எல்லாக் கடைக்கும் வரும்வரை, ஐரோப்பியப் பாதத்துக்குச் செய்த அச்சுக்குள் ஆற்காட்டுப் பாதத்தைத் திணித்துக்கொண்டுதான் இருக்கப்போகிறோம்.

புகழ் ஷூவை விற்கும் என்பதை உலகத்துக்கே காட்டியவர் மைக்கேல் ஜோர்டன். 1984-ல் நைக்கியோடு ஒப்பந்தம், 1985-ல் அவர் பெயரிலேயே ஷூ. இன்று மைதானப் பக்கமே போகாத பிள்ளைகளும் அதன் நகலைப் போட்டுக்கொண்டு காட்பாடி பஸ்ஸில் ஏறுகிறார்கள். ஆனால் அவர் ஆடும்போது போட்ட ஜோடிகளைப் பாருங்கள்: ஒரு காலுக்கு 13, மறுகாலுக்கு 13.5. அவருடைய இரண்டு கால்களும் ஒரே அளவில்லை, அதனால் கம்பெனி காலுக்கு ஒன்றாகச் செய்துகொடுத்தது. உங்களுக்கும் எனக்கும்கூட இரண்டு பாதமும் ஒன்றாக இருப்பது அபூர்வம். நமக்குத்தான் யாரும் அப்படிச் செய்துதருவதில்லை. அதனால் கடையில் எப்போதும் பெரிய காலில் போட்டுப் பாருங்கள்.

ஹீல்ஸ் விஷயத்துக்கு வருகிறேன். வெறுங்காலில் நிற்கும்போது பாரத்தில் கணிசமான பங்கைக் குதிகால் தாங்கும். குதிகாலைத் தூக்கத் தூக்க அந்தப் பாரம் முன்பாதத்துக்கு இறங்கும். அங்கே கூரான முனை இருந்தால், பாரமும் இறுக்கமும் சேர்ந்து விரல்களை ஒன்றன்மேல் ஒன்றாக நெருக்கும். வருஷக்கணக்கில் இப்படியே போனால் பெருவிரல் மற்ற விரல்களின் பக்கமாகச் சாய்ந்து, அடிமூட்டு வெளியே துருத்திக்கொள்ளும். கெண்டைத் தசை சுருங்கிப்போய், தட்டைச் செருப்பு போட்டாலே வலிக்கிறது என்று சொல்கிற பெண்களையும் பார்த்திருக்கிறேன். விழாவுக்கு வரும் நடிகை கார் கதவிலிருந்து மேடைவரை நடக்கிறார், படத்துக்கு நிற்கிறார், உட்கார்ந்துவிடுகிறார். நம் வீட்டுக் கல்யாணப் பெண் பந்தியில் கடைசி ஆள் சாப்பிட்டுக் கை கழுவும்வரை மேடையில் நிற்கிறாள்.

அந்த நடிகைகளுக்கும் இது சலித்துவிட்டது என்பதை யாராவது அந்தப் பெண்ணுக்குச் சொல்லியிருக்கலாம். 2016-ல் கான் திரைப்பட விழாவின் சிவப்புக் கம்பளத்தில் ஜூலியா ராபர்ட்ஸ் வெறுங்காலோடு ஏறினார். 2018-ல் அதே இடத்தில் கிறிஸ்டன் ஸ்டூவர்ட் எல்லார் முன்னாலும் ஹீல்ஸைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டார். இப்போது சேலைக்கு ஸ்னீக்கர்ஸ் போடும் வழக்கம் வந்திருக்கிறதே, அதுவும் பிரபலங்களைப் பார்த்து வந்ததுதான். எனக்கு அதில் மனதாரச் சந்தோஷம். முன்னெல்லாம் டீச்சர் வேலைக்குப் போகிற பெண்களிடம் ஷூ போடுங்கள் என்றால், "சேலைக்கா? ஊரே சிரிக்குமே" என்பார்கள். இப்போது அவர்களே வந்து கேட்கிறார்கள். நல்ல பக்கமாகவும் இந்தச் செல்வாக்கு வேலை செய்யும்.

"இறுக்கமா இருந்தா பரவால்லக்கா, போகப் போக லூசாயிடும்" என்பது நான் தினம் கேட்கும் வசனம். தோல் கொஞ்சம் இளகும், உண்மை. ஆனால் பிரபலங்களின் ஷூவைப் பார்த்து அடிக்கப்படும் 'ஃபர்ஸ்ட் காப்பி' ஜோடிகளில் பெரும்பாலானவை ரெக்ஸின் என்கிற செயற்கைத் தோல். ரெக்ஸின் இளகாது, உங்கள் விரல்தான் இளகவேண்டும். பிள்ளைகளுக்கு இது இன்னும் மோசம். பத்துப் பன்னிரண்டு வயதில் பாத எலும்பு இன்னும் முழுசாக முற்றியிருக்காது. குட்டையாகிப்போன ஷூவை 'ஹீரோ ஷூ' என்பதற்காக விடாமல் போடும் பையன்கள் நகம் உள்ளே வளர்ந்து சீழ் வைத்தபிறகுதான் வீட்டில் சொல்கிறார்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை பிள்ளையின் ஷூ முனையைக் கட்டைவிரலால் அழுத்திப் பாருங்கள். அழுத்தின இடத்தில் விரல் தட்டினால் மாற்றிவிடுங்கள்.

சாக்ஸ் இல்லாமல் லோஃபர் என்கிற கயிறில்லாத ஷூவைப் போடும் மோகத்தையும் சொல்லவேண்டும். நடிகர்களின் கணுக்கால் வெறுமையாகத் தெரிகிறதே, அங்கே பெரும்பாலும் சாக்ஸ் இருக்கிறது. ஷூவின் விளிம்புக்குக் கீழேயே நின்றுவிடும் சின்ன சாக்ஸ், கேமராவில் தெரியாது. இதை அறியாமல் நம் பையன்கள் வேலூரின் கத்திரி வெயிலில், நாற்பது டிகிரிக்கு மேல், வெறுங்காலோடு ரெக்ஸின் ஷூவுக்குள் பாதத்தை வேகவைக்கிறார்கள். விரலிடுக்கில் தோல் வெளுத்து உரிந்து, அரிப்போடு வந்து நிற்கிறார்கள். அந்தச் சின்ன சாக்ஸ் நம் கடைவீதியிலும் கிடைக்கிறது. பருத்தியில் வாங்குங்கள்.

இதுவரை சொன்னவை வலி இருக்கிறவர்களின் கதை. வலி இருந்தால் கழற்றிவிடுவார்கள். எனக்குத் தூக்கம் கெடுவது வலியில்லாதவர்களை நினைத்துத்தான்.

பேரணாம்பட்டிலிருந்து வந்த ஷேர் ஆட்டோ ஓட்டும் பெரியவர். பன்னிரண்டு வருஷமாகச் சர்க்கரை, அதில் பாதத்தின் உணர்வு மங்கியிருந்தது. சென்னையில் வேலைக்குச் சேர்ந்த மகன் முதல் சம்பளத்தில் அப்பாவுக்கு ஒரு ஸ்னீக்கர்ஸ் வாங்கிக்கொடுத்திருக்கிறான். தனக்குப் பிடித்த ஹீரோ போஸ்டரில் போட்டிருக்கும் அதே மாதிரி, ஒல்லியாக, வழவழவென்று. பிரியத்தில் வாங்கியது. பெரியவரும் பெருமையாகப் போட்டுக்கொண்டார். ஒரு நாள் சாயங்காலம் சாக்ஸில் ரத்தக்கறையைப் பார்த்துக் கத்தியது அவர் மனைவி. ஷூவுக்குள் ஒரு சின்ன ஸ்க்ரூ கிடந்திருக்கிறது. காலையிலிருந்து அதன்மேலேயே பிரேக் மிதித்திருக்கிறார். பக்கவாட்டில் இறுக்கம் அழுத்தி இன்னொரு புண். "இன்னாம்மா சொல்றது, வலிக்கவே இல்லியேம்மா" என்று என்னிடம் திரும்பத் திரும்பச் சொன்னார். புண் ஆற நாலு மாதம் ஆயிற்று. அதுவரை வண்டி வீட்டு வாசலில்.

இந்த ஊருக்கு இந்தப் பாடம் புதிதில்லை. 1946-ல் வேலூர் சிஎம்சி மருத்துவமனைக்கு வந்த டாக்டர் பால் பிராண்ட், தொழுநோயாளிகளின் விரல்கள் நோயால் அழுகி விழுவதாக எல்லாரும் நினைத்திருந்த காலத்தில், வலி தெரியாததால் அவர்களே அறியாமல் காயப்படுவதுதான் பெரும்பாலான சேதத்துக்குக் காரணம் என்று காட்டினார். அந்தப் பாதங்களுக்காக எம்.சி.ஆர். என்கிற மெத்தென்ற ரப்பரை வைத்துச் செருப்பு செய்யும் வேலை இங்கேயும் பக்கத்துக் கரிகிரி தொழுநோய் மருத்துவமனையிலும் வளர்ந்தது. அதே ரப்பர்தான் இன்று சர்க்கரைக்காரர்களின் செருப்பிலும் போகிறது. 2023-ல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐ.சி.எம்.ஆர்.) ஆய்வு இந்தியாவில் சர்க்கரை நோயாளிகள் 10.1 கோடி என்று மதிப்பிட்டது. அவர்களில் பாத உணர்வு மங்கியவர்கள் நம் தெருவிலும் இருப்பார்கள். பாதத்தில் ஒரு நைலான் இழையை அழுத்தி உணர்வு இருக்கிறதா என்று பார்க்கும் எளிய சோதனை ஒன்று உண்டு. சர்க்கரை இருக்கிற ஒவ்வொருவரும் வருஷத்துக்கு ஒருமுறையாவது டாக்டரிடம் இதைக் கேட்டுச் செய்துகொள்ளவேண்டும். உணர்வு குறைந்திருந்தால் அதற்கப்புறம் எந்த நட்சத்திரத்தின் ஷூவும் வேண்டாம். ஆணி அடிக்காமல் ஒட்டிய, பின்வார் வைத்த, முன்பக்கம் அகன்ற எம்.சி.ஆர். செருப்புதான்.

காசு வாங்கிக்கொண்டு பொருளைக் காட்டும் பிரபலங்களும், இன்ஸ்டாவில் ரீல் போடுகிறவர்களும் அது விளம்பரம் என்று வெளிப்படையாகச் சொல்லவேண்டும் என்கின்றன 2022, 2023-ல் வந்த மத்திய அரசின் வழிகாட்டுதல்கள். பொய்யான விளம்பரத்தில் நடித்தால் 2019-ன் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி பத்து லட்சம்வரை அபராதம் உண்டு. ஆனால் உங்கள் காலுக்குப் பொருந்தாத ஷூவை அழகாகப் போட்டுக்காட்டுவது பொய்யாகாது. அங்கே சட்டம் உதவாது, வெள்ளைத்தாள்தான் உதவும். சாயங்காலம் கால் கொஞ்சம் வீங்கியிருக்கும்போது, நின்றபடி இரண்டு பாதத்தையும் வரைந்து வெட்டிக்கொள்ளுங்கள். கடைக்கு எடுத்துப்போய் ஷூவுக்குள் விடுங்கள். ஓரம் மடங்கினால் அகலம் போதாது. நீளமான விரலுக்கு முன்னால் ஒரு சென்டிமீட்டராவது மிச்சம் இருக்கட்டும். ஆன்லைனில் வாங்கினால், வீட்டுக்குள்ளேயே இப்படிப் பார்த்துவிட்டுத் திருப்பி அனுப்பத் தயங்காதீர்கள்.

பெரியவருக்கு நான் செய்துகொடுத்த செருப்பு கறுப்பு, அகலம், பார்க்க ரொம்பச் சாதாரணம். வாங்க வந்த அன்று மகனும் கூட வந்தான். செருப்பைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, மேலே போகும் வாரை மட்டும் அந்த ஸ்னீக்கர்ஸின் நிறத்தில் மாற்ற முடியுமா என்று கேட்டான். முடியும் என்றேன். நீல நிறத் தோல் தேடி, மறுவாரம் மாற்றிக்கொடுத்தேன். இப்போது பெரியவர் தினம் காலையில் அதைக் கவிழ்த்துத் தட்டி, உள்ளே கைவிட்டுத் தடவிப் பார்த்துவிட்டுத்தான் காலில் மாட்டுகிறார். பாதம் விட்டுப்போன வேலையைக் கை பார்க்கட்டும் என்று நான்தான் சொல்லிக்கொடுத்தேன்.