தரக் கடப்பு அல்ல, கடவை

பழைய அமெரிக்கச் சரக்கு ரயில்களைப் பற்றிய ஆவணப்படம் ஒன்றைத் தமிழ் வசன வரிகளோடு பார்த்தேன். 1972-ல் வரத் தொடங்கிய எஸ்டி40-2 ரக டீசல் இன்ஜின், 3,000 குதிரைத்திறன், வெளுத்துப்போன பெயின்ட்டோடு ஊருக்குள் நுழைகிறது. சாலையோரக் கம்பத்தில் பழைய மணி கணகணவென்று அடிக்கிறது. கீழே 'தரக் கடப்பு' என்று ஓடுகிறது. இந்தச் சொல்லைப் பார்ப்பது இது முதல் தடவை இல்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

மூலத்தில் இருப்பது 'கிரேடு கிராசிங்'. 'அடி, படி' என்று பொருள்படும் கிராடுஸ் என்ற லத்தீன் சொல்லிலிருந்து வந்தது கிரேடு. பள்ளிக்கூடத்தில் அது தரம். சாலை, ரயில் வேலையில் சரிவு, நில மட்டம். சாலையும் தண்டவாளமும் ஒரே மட்டத்தில் குறுக்கிடும் இடம், அவ்வளவுதான். நாம் சொல்லும் லெவல் கிராசிங்கேதான்.

சரி, 'ரயில்வே கேட்' என்று போட்டால் என்ன என்று கேட்பார்கள். கேட் இருக்கும் இடத்துக்குப் போடலாம். அமெரிக்காவில் பல இடங்களில் கேட்டே கிடையாது. பெருக்கல் குறிபோல இரண்டு பலகை, சில இடங்களில் விளக்கும் மணியும். 1909-ல் தெற்கு கலிஃபோர்னியாவில் ஆல்பர்ட் ஹன்ட் உருவாக்கிய 'விக்வாக்', காவலாள் கைவிளக்கை ஆட்டுவதுபோல ஊசலாடும் வட்டத் தகடு. அது எதையும் மறிக்காது, எச்சரிக்க மட்டுமே செய்யும். நம் செய்தித்தாள்களும் கேட் இல்லாத இடத்தை 'ஆளில்லா ரயில்வே கேட்' என்று எழுதிவந்தன. கேட் இருக்கிறது, ஆள்தான் இல்லை என்றல்லவா படிப்பவர் நினைப்பார்? வெறும் 'கிராசிங்' என்றாலும் சிக்கல். ஒற்றைத் தடத்தில் எதிர்வண்டிக்கு வழிவிட்டு நிற்பதைத்தானே 'கிராசிங்குக்கு நிக்குது' என்கிறோம்?

இலங்கைத் தமிழர்கள் இதற்கு நல்ல சொல் வைத்திருக்கிறார்கள்: கடவை. 'கட' என்ற வேர். கடவு என்றால் வழி, கடவுச்சீட்டில் இருப்பதும் அதுவே. பாதசாரிக் கடவை, புகையிரதக் கடவை என்று அன்றாடம் புழங்குகிறார்கள். டீசல் இன்ஜினுக்குப் புகையிரதம் வேண்டாம். 'ரயில் கடவை' போதும். மேம்பாலத்திலிருந்து பிரித்துக் காட்ட வேண்டிய இடத்தில் 'மட்டக் கடவை' என்று எழுதலாம்.

அப்புறம் அந்த மணி. மின்காந்தம் இழுக்க, சுத்தியல் போய் உலோகக் கிண்ணத்தில் அடிக்கிறது. அது மணி. ஓட்டுநர் இரண்டு நீளம், ஒரு குட்டை, ஒரு நீளம் என்று கொடுப்பது ஹாரன். படத்தில் இரண்டுக்கும் 'ஒலிப்பான்' என்றே போட்டிருக்கிறார்கள். காது கேளாதவர்களும் நம்பிப் படிக்கும் வரி அது. கம்பத்தில் ஒலிப்பது எது, இன்ஜினில் ஒலிப்பது எது என்று அவர்கள் எப்படிப் பிரித்து அறிவார்கள்?