கருகுவதெல்லாம் கரிமமா?

மேசை மேல் இரண்டு வெள்ளைத் தூள்கள். ஒன்று சர்க்கரை, இன்னொன்று உப்பு. நாக்கில் வைத்தால் நொடியில் தெரிந்துவிடும். ஆனால் ஆய்வகத்துக்குள் எதையும் நாக்கில் வைக்கக் கூடாது. சரி, ஒவ்வொன்றிலும் ஒரு சிட்டிகை எடுத்துச் சோதனைக் குழாயில் போட்டுச் சுடரில் காட்டுவோம்.

சர்க்கரை உருகும், பழுப்பாகும், புகையும். குழாயின் குளிர்ந்த மேற்பகுதியில் நீர்த்துளிகள் அரும்பும். கடைசியில் அடியில் மிஞ்சுவது கரி. உப்போ, உள்ளே சிக்கிய ஈரத்தால் படபடவென்று கொஞ்சம் பொரிந்துவிட்டு, வெள்ளையாகவே கிடக்கும். அது உருக 801 டிகிரி செல்சியஸ் வேண்டும். அதற்குள் சாதாரணக் கண்ணாடிக் குழாயே இளகிவிடும்.

சர்க்கரை கரிமச் சேர்மம், அதாவது கார்பனை அடிப்படையாகக் கொண்டது. உப்பு கனிமச் சேர்மம்; கரிமத்தில் சேராத மற்றவையும், கார்பனேட் போன்ற சில கார்பன் சேர்மங்களும் இந்தப் பக்கம்தான். எது கரிமம் என்று எப்படிக் கண்டுபிடிப்பது? கரிமச் சேர்மம் என்ற பெயரிலேயே விடை ஒளிந்திருக்கிறது. 'ஆர்கானிக்' என்ற ஆங்கிலப் பெயர் 'உயிருள்ளவற்றிலிருந்து வந்தது' என்ற பழைய நம்பிக்கையைச் சுமந்துகொண்டிருக்கிறது. தமிழ்ப் பெயர் நேராகக் கரியையே காட்டுகிறது. இந்த ஒரு விஷயத்தில் நம் பெயர்தான் மேல் என்பேன்.

ஏன் கருகுகிறது? சர்க்கரை மூலக்கூறில் கார்பன், ஹைட்ரஜன், ஆக்சிஜன் அணுக்கள் எலக்ட்ரான்களைப் பங்கிட்டுச் சகப்பிணைப்பால் கோத்திருக்கின்றன. வெப்பம் ஏற ஏற அந்தப் பிணைப்புகள் அறுந்து, அணுக்கள் வேறு கூட்டணி தேடுகின்றன. ஹைட்ரஜனும் ஆக்சிஜனும் பெரும்பாலும் நீராகக் கிளம்பிவிட, கார்பன் தனித்து நிற்கிறது. உப்பில் இப்படிக் கலைய எதுவுமில்லை. சோடியம் அயனி, குளோரைடு அயனி என்று எதிரெதிர் மின்சுமைகள் எல்லாத் திசையிலும் இழுத்துப் பிடித்திருக்கும் அடுக்கு அது.

கருகினால் கரிமம் என்று இங்கேயே முடிவு கட்டிவிடலாம் என்று தோன்றும். அவசரம் வேண்டாம். எத்தனாலைக் கொளுத்தினால் நீலச் சுடரோடு எரிந்து, கிண்ணத்தில் ஒன்றும் மிஞ்சாமல் போய்விடும். அதுவும் கரிமச் சேர்மம்தான். கார்பன் டெட்ராகுளோரைடு எரிவதே இல்லை. ஒரு காலத்தில் தீயணைப்பான்களிலேயே அதை அடைத்து வைத்தார்கள். மறுபக்கம், பச்சை நிறக் காப்பர் கார்பனேட் கனிமச் சேர்மம், ஆனால் சூடாக்கினால் நன்றாகவே கறுத்துவிடும். அந்தக் கறுப்பு கரியல்ல, காப்பர் ஆக்சைடு. பீங்கான் கிண்ணத்தில் போட்டுத் திறந்த காற்றில் இன்னும் கடுமையாகச் சூடாக்கினால் கரி மெல்ல எரிந்து மறையும். காப்பர் ஆக்சைடு அப்படியே இருக்கும்.

ஏமாற்றிய அந்தக் காப்பர் ஆக்சைடையே அடுத்த சோதனைக்கு வைத்துக்கொள்ளலாம். முதலில் அதைத் தனியாகச் சூடாக்கி ஈரத்தை விரட்ட வேண்டும். அப்புறம் சோதிக்க வேண்டிய தூளோடு கலந்து குழாயில் சூடாக்கி, வரும் வாயுவை முதலில் நீரற்ற காப்பர் சல்ஃபேட் மீதும், பிறகு தெளிந்த சுண்ணாம்பு நீருக்குள்ளும் செலுத்த வேண்டும். காப்பர் ஆக்சைடு தன் ஆக்சிஜனைக் கொடுத்துத் தூளைக் குழாய்க்குள்ளேயே எரித்துவிடுகிறது. கார்பன் இருந்தால் கார்பன் டைஆக்சைடு வந்து சுண்ணாம்பு நீர் பால்போல் கலங்கும். ஹைட்ரஜன் இருந்தால் நீராவி வந்து வெள்ளைக் காப்பர் சல்ஃபேட் நீலமாகும்.

இதிலும் ஒரு பொறி உண்டு. சமையல் சோடாவைச் சூடாக்கினால் அதுவும் கார்பன் டைஆக்சைடும் நீரும் தரும். சுண்ணாம்பு நீர் கலங்கும், காப்பர் சல்ஃபேட் நீலமாகும். கனிமச் சேர்மமான சோடா, கரிம வேஷம் போட்டு நிற்கும். அப்போது பார்க்க வேண்டியது குழாயின் அடியை. ஆக்சிஜனைப் பறிகொடுத்த காப்பர் ஆக்சைடு செம்பாகி, கறுப்புக்கு நடுவே சிவப்பு தெரிந்தால், அங்கே ஏதோ எரிந்திருக்கிறது. சோடா எதையும் பறிப்பதில்லை. அது தானாகச் சிதைந்தது, அவ்வளவுதான். இன்னும் சுலபமாக வேண்டுமா? சோடா மீது நீர்த்த அமிலம் ஒரு சொட்டு விட்டால் உடனே நுரைத்துக் காட்டிக்கொடுத்துவிடும்.

எனக்குப் பிடித்த சோதனை சில்வர் நைட்ரேட்தான். உப்புக் கரைசலில் இரண்டு சொட்டு விட்ட மாத்திரத்தில் தயிர்போல வெள்ளை வீழ்படிவு இறங்கும். கார்பன் டெட்ராகுளோரைடின் எடையில் 92 சதவீதம் குளோரின். உப்பில் 61 சதவீதம்கூட இல்லை. ஆனாலும் கார்பன் டெட்ராகுளோரைடில் சில்வர் நைட்ரேட்டை விட்டால் ஒன்றும் நடக்காது. தண்ணீரோடு கலக்காததுதான் காரணமோ என்று, ஆல்கஹாலில் கரைத்த சில்வர் நைட்ரேட்டை ஊற்றிப் பார்த்தாலும் அதே கதைதான். குளோரின் இருக்கிறது, ஆனால் குளோரைடு அயனியாக இல்லை. கார்பன் அதைக் கட்டிப் பிடித்திருக்கிறது. எல்லாக் கரிமக் குளோரைடுகளும் இவ்வளவு பிடிவாதம் பிடிப்பதில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

இப்படிக் குளோரினைப் பிடித்துவைத்திருக்கும் சேர்மங்களுக்குக் கைகொடுப்பது லாசிகன் சோதனை. சேர்மத்தைச் சோடியத்தோடு உருக்கி, பிணைப்பை முறித்து, குளோரினை அயனியாக்கிய பிறகுதான் சில்வர் நைட்ரேட் அதைப் பார்க்கிறது. கார்பன் டெட்ராகுளோரைடை மட்டும் இதற்குக் கொண்டுபோகக் கூடாது. சோடியத்தோடு சேர்ந்தால் வெடிக்கும்.

மின்கடத்தல் சோதனையும் அயனி இருக்கிறதா என்ற இதே கேள்வியைத்தான் கேட்கிறது. உப்புக் கரைசலில் பல்பு எரியும், சர்க்கரைக் கரைசலில் எரியாது. ஆனால் கரிமச் சேர்மமான சோடியம் அசிட்டேட் கரைசலிலும் எரியும், ஏனென்றால் அதில் அயனிகள் உண்டு.

1828-இல் ஜெர்மன் வேதியியலாளர் ஃபிரெடரிக் வோலர் செய்ததை இந்தக் கண்ணோடு பார்த்தால் சுவை கூடும். அம்மோனியம் சயனேட் என்ற கனிம உப்பைத் தயாரிக்கப் போனவருக்கு வேறொரு வெள்ளைப் படிகம் கிடைத்தது. கார்பன், ஹைட்ரஜன், நைட்ரஜன், ஆக்சிஜன் எல்லாம் அதே எண்ணிக்கையில்; காப்பர் ஆக்சைடோடு சூடாக்கினால் இரண்டும் ஒரே பதிலைத்தான் சொல்லும். ஆனால் அவர் சோதித்தபோது அந்தப் படிகம் அம்மோனியாவுக்கான அடையாளத்தையும் காட்டவில்லை, சயனேட்டுக்கான அடையாளத்தையும் காட்டவில்லை. உப்பாக இருந்திருந்தால் இரண்டையும் காட்டியிருக்க வேண்டும். சிறுநீரிலிருந்து பிரித்தெடுத்த யூரியாவோடு ஒப்பிட்டார்; இரண்டும் ஒன்றே. சிறுநீரகமே இல்லாமல் யூரியா செய்துவிட்டேன் என்று ஸ்வீடன் வேதியியலாளர் பெர்சீலியஸுக்குக் கடிதம் எழுதினார்.