எல்லா ஐகானும் ஒரே மாதிரி மாறிவிட்டதா? ஃபார்மட் செய்யும் முன் இதைப் படியுங்கள்

கணினிப் பழுதுபார்ப்பில் எங்களிடம் அடிக்கடி வரும் புகார் ஒன்று உண்டு: டெஸ்க்டாப்பில் எல்லா ஐகானும் பிடிஎஃப் ஐகானாக மாறிவிட்டது, எதைக் கிளிக் செய்தாலும் பிடிஎஃப் ரீடரே திறக்கிறது. வைரஸ் என்று அஞ்சி, கணினியை ஃபார்மட் செய்துவிடுமாறு பலர் கேட்கிறார்கள். தயவுசெய்து அதற்கு அவசரப்படாதீர்கள். பெரும்பாலும் ஒரு கோப்புகூட அழிந்திருக்காது.

டெஸ்க்டாப்பில் இருப்பவற்றில் பல வெறும் ஷார்ட்கட்டுகள், அதாவது வேறிடத்தில் இருக்கும் செயலியையோ கோப்பையோ சுட்டிக்காட்டும் சிறு கோப்புகள். அவற்றின் பெயருக்குப் பின்னால் .எல்என்கே (.lnk) என்ற எக்ஸ்டென்ஷன், அதாவது கோப்பின் வகையைக் காட்டும் பின்னொட்டு, மறைந்திருக்கிறது. ‘ஓப்பன் வித்’ பட்டியலில் தவறான செயலியைத் தேர்ந்தெடுத்து, ‘எப்போதும் இதையே பயன்படுத்து’ என்பதில் டிக் செய்துவிட்டால், அந்த வகைக் கோப்புகள் அனைத்தும் அந்தச் செயலியோடு பிணைக்கப்பட்டுவிடுகின்றன. செட்டிங்ஸில் ஒரு செயலிக்குப் பதில் வேறொன்றை வைக்கலாமே தவிர, பிணைப்பையே நீக்கும் பொத்தான் அங்கே இல்லை என்பதுதான் சிக்கல்.

நீக்க வேண்டிய இடம், விண்டோஸ் தன் அமைப்புகளைச் சேமித்து வைக்கும் ரெஜிஸ்ட்ரி. ஸ்டார்ட் மெனுவில் உள்ளவையும் ஷார்ட்கட்டுகளே என்பதால் அவையும் திறக்காமல் போகலாம். விண்டோஸ் பொத்தானையும் ஆர் எழுத்தையும் சேர்த்து அழுத்தி, வரும் பெட்டியில் ரெஜெடிட் (regedit) என்று ஆங்கிலத்தில் தட்டி என்டர் அழுத்துங்கள். கரண்ட் யூசர் பிரிவில் சாஃப்ட்வேர், மைக்ரோசாஃப்ட், விண்டோஸ், கரண்ட்வெர்ஷன், எக்ஸ்ப்ளோரர், ஃபைல்எக்ஸ்ட்ஸ் (FileExts) என்று வரிசையாக இறங்கினால், .எல்என்கே என்ற கீயின் (ஃபோல்டர் போலத் தெரியும் பிரிவின்) உள்ளே, நீங்கள் தேர்ந்தெடுத்த செயலியைக் குறித்து வைத்திருக்கும் யூசர்சாய்ஸ் (UserChoice) இருக்கும். முதலில் எக்ஸ்போர்ட் செய்து நகல் வைத்துக்கொண்டு, யூசர்சாய்ஸை மட்டும் அழித்து, சைன் அவுட் செய்து மீண்டும் நுழையுங்கள். அழிப்பதற்குப் பதிலாக உள்ளிருக்கும் செயலியின் பெயரைக் கையால் மாற்றுவது பயன் தராது; விண்டோஸ் 8 முதல் அதனுடன் ஒரு சரிபார்ப்புக் குறியீடும் சேமிக்கப்படுவதால், இரண்டும் பொருந்தாவிட்டால் விண்டோஸ் அதை ஏற்காது.

விண்டோஸே ஏற்படுத்தி வைத்திருக்கும் சில பிணைப்புகளையும் மாற்றுவது நல்லது என்பது என் உறுதியான கருத்து. ஸ்கிரிப்ட் எனப்படும் கட்டளைக் கோப்புகளான .விபிஎஸ் (.vbs), .ஜேஎஸ் (.js) கோப்புகளை டபுள் கிளிக் செய்தால் அவை திறந்து காட்டப்படுவதில்லை, நேராக இயங்கத் தொடங்கிவிடுகின்றன. 2000 மே மாதம் உலகெங்கும் பரவிய ‘ஐ லவ் யூ’ வைரஸ், காதல் கடிதம் என்ற பெயரில் .டிஎக்ஸ்டி.விபிஎஸ் என்று முடியும் கோப்பாகத்தான் மின்னஞ்சலில் வந்தது. கடைசி எக்ஸ்டென்ஷனை விண்டோஸ் மறைத்துவிட்டதால், சாதாரண எழுத்துக் கோப்பு என்று நம்பித் திறந்தவர்கள் ஏராளம். இவ்வகைக் கோப்புகளை நோட்பேடுடன் பிணைத்துவிட்டால், தவறிக் கிளிக் செய்தாலும் எழுத்துகள்தான் தெரியும். அலுவலகக் கணினியாக இருந்தால், அன்றாட வேலை எதுவும் இத்தகைய ஸ்கிரிப்டுகளை நம்பியிருக்கிறதா என்று நிர்வகிப்பவரிடம் கேட்டுவிட்டே மாற்றுங்கள்.