பட்டினிக்குப் பின் சரியும் பாஸ்பரஸ்

பல வாரங்களாகச் சரியாகச் சாப்பிடாத ஒருவரை மருத்துவமனையில் சேர்த்து ரத்தத்தைப் பரிசோதித்தால், பாஸ்பரஸ் அளவு பெரும்பாலும் இயல்பாகவே இருக்கும். குளுக்கோஸ் ஏற்றி, உணவும் கொடுக்கத் தொடங்கிய இரண்டாம் மூன்றாம் நாளில்தான் அது சரிகிறது. 1981இல் வைன்சியர், க்ரம்டீக் என்ற இரு அமெரிக்க மருத்துவர்கள், நெடுநாள் ஊட்டமின்றி மெலிந்திருந்த இரு நோயாளிகள், ரத்தநாளம் வழியே தாராளமாக ஊட்டச்சத்து ஏற்றப்பட்டதாலேயே இறந்ததைப் பதிவு செய்தார்கள்.

வளர்ந்த ஒருவரின் உடலில் ஏறத்தாழ 700 கிராம் பாஸ்பரஸ் உண்டு. அதில் சுமார் 85 விழுக்காடு எலும்பிலும் பல்லிலும் இருக்கிறது. எஞ்சியதில் பெரும்பகுதி உயிரணுக்களுக்குள் இருக்கிறது. ரத்தத்தில் ஓடுவது ஒரு விழுக்காட்டுக்கும் குறைவு. ஆய்வகம் அளப்பதோ அந்தச் சொற்பப் பகுதியை மட்டுமே. ஆகவே உள்ளிருப்பு கரைந்துகொண்டிருக்கும்போதும், டெசிலிட்டருக்கு (100 மில்லிலிட்டருக்கு) 2.5 முதல் 4.5 மில்லிகிராம் என்ற இயல்பு எல்லைக்குள்ளேயே அறிக்கையின் எண் நிற்கக்கூடும்.

பட்டினியின்போது இன்சுலின் தாழ்ந்திருக்கும். உடல் கொழுப்பை எரித்துக் காலம் தள்ளும். மாவுச்சத்து வந்ததும் இன்சுலின் உயர்ந்து, குளுக்கோஸோடு, ரத்தத்தில் பாஸ்பரஸ் உலவும் வடிவமான பாஸ்பேட்டையும் உயிரணுக்களுக்குள் இழுக்கிறது. குளுக்கோஸ் உடைபடும் முதல் படியிலேயே அதனுடன் ஒரு பாஸ்பேட் இணைய வேண்டும். ஆற்றலைச் சுமக்கும் ஏடிபி மூலக்கூறைக் கட்டவும் அதுவே தேவை. இருப்பு ஏற்கெனவே வறண்டிருப்பதால் ரத்தத்தில் இருந்த கொஞ்சமும் உள்ளே போய்விடுகிறது. பொட்டாசியமும் மக்னீசியமும் கூடவே இறங்குகின்றன.

லேசான குறைவுக்கு அறிகுறி ஏதும் இராது. டெசிலிட்டருக்கு 1 மில்லிகிராமுக்குக் கீழே போகும்போதுதான் உடல் தடுமாறுகிறது. மூச்சை இயக்கும் தசையான உதரவிதானம் தளர்ந்து மூச்சு வாங்கும். செயற்கைச் சுவாசக் கருவியிலிருந்து நோயாளியை விடுவிக்க முடியாமல் போகும். இதயத்தின் சுருங்கும் வலு குறையும். குழப்பமும் வலிப்பும் வரலாம். சிவப்பணுக்கள் ஆக்சிஜனைத் திசுக்களுக்கு விட்டுக்கொடுக்க உதவும் பாஸ்பேட் சேர்மம் ஒன்றும் குறைந்துவிடுவதால், ரத்தத்தில் ஆக்சிஜன் இருந்தும் திசுக்களுக்குப் போதாமல் போகிறது. தசை இழைகள் சிதையும் நிலை வந்தால், அவற்றிலிருந்து கசியும் பாஸ்பேட் ரத்தத்தில் தன் அளவை மீண்டும் உயர்த்திக் குறையையே மறைத்துவிடும் என்பது இந்நோயின் வஞ்சகம்.

நம் மருத்துவமனைகளில் வழக்கமாக எழுதப்படும், ரத்தத்தின் உப்புகளை அளக்கும் எலக்ட்ரோலைட் பரிசோதனையில் சோடியமும் பொட்டாசியமும் இருக்கும், பாஸ்பரஸ் இராது. அதைத் தனியே கேட்க வேண்டும். பத்து நாட்களுக்கு மேல் ஏறக்குறைய எதுவும் உண்ணாதவர், சில மாதங்களில் எடையில் 15 விழுக்காட்டுக்கு மேல் தானாக இழந்தவர், நெடுங்காலக் குடிப்பழக்கத்தால் மெலிந்தவர் ஆகியோருக்கு, உணவூட்டத் தொடங்கிய முதல் ஐந்து நாட்களாவது இதைக் கேளாமல் விடுவது கவனக்குறைவு என்றே சொல்வேன்.

இத்தகையவருக்கு முதலில் தையமின் என்ற வைட்டமின் பி1 கொடுத்து, பிறகு கிலோ எடைக்கு நாளொன்றுக்கு சுமார் 10 கிலோகலோரி என்ற அளவில் தொடங்கி, சில நாட்களில் படிப்படியாகக் கூட்டுகிறார்கள். மெலிந்துபோனவரைக் கண்டதும் நிறைய ஊட்டிவிடத் துடிக்கும் வீட்டாருக்கு இந்தச் சிக்கனம் கொடுமையாகத் தோன்றுவது இயல்பே. குறைவு மிதமானால் வாய்வழி பாஸ்பேட் போதும். லிட்டருக்கு ஏறத்தாழ ஒரு கிராம் பாஸ்பரஸ் தரும் பாலும் உதவும். கடுமையானால் ரத்தநாளம் வழியே பல மணி நேரத்தில் மெல்ல ஏற்ற வேண்டும். வேகமாக ஏற்றினால் பாஸ்பேட் கால்சியத்தோடு படிந்து, ரத்தக் கால்சியம் ஆபத்தான அளவுக்கு இறங்கும். சிறுநீரகம் பழுதானவர்களிடம் இன்னும் எச்சரிக்கை வேண்டும்.

எல்லாக் குறைவுக்கும் பாஸ்பேட் மருந்தாகாது. பதற்றத்தில் வேகமாக மூச்சு விடுபவரின் ரத்தம் காரத்தன்மை அடைந்து பாஸ்பேட் உள்ளே நகர்கிறது. மூச்சு அடங்கினால் அதுவே திரும்பிவிடும். அலுமினியம் கலந்த நெஞ்செரிச்சல் மருந்தை நெடுநாள் குடிப்பவருக்குக் குடலிலேயே அது கட்டுண்டுவிடுவதால், மருந்தை நிறுத்துவதே வழி. ரத்தத்தில் குறைந்திருந்தும் சிறுநீரகம் வடிக்கும் பாஸ்பேட்டில் 5 விழுக்காட்டுக்கு மேல் சிறுநீரில் போனால், கசிவு அங்கே என்று பொருள். பாராதைராய்டு சுரப்பி மிகையாக இயங்கும்போது இது நேரும். ரத்தசோகைக்கு ஏற்றப்படும் ஃபெரிக் கார்பாக்ஸிமால்டோஸ் என்ற இரும்பு மருந்தும், எஃப்ஜிஎஃப்23 என்ற ஹார்மோனை உயர்த்தி, சிலருக்கு வாரக்கணக்கில் இதே கசிவை உண்டாக்கும். ஊசி போட்டபின் சோகை தீர்ந்தும் சோர்வும் எலும்பு வலியும் தொடர்ந்தால், மறு தவணைக்கு முன் பாஸ்பரஸைப் பார்த்துவிட்டு, தேவையானால் வேறு வகை இரும்பு மருந்துக்கு மாறுவதே உரிய சிகிச்சை.